கம்பைலர் எச்சரிக்கையைச் சில வரிகளுக்கு மட்டும் நிறுத்த முடியுமா? மொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன தப்பு?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: சி பிளஸ் பிளஸ் புராஜெக்ட், ஜிசிசி கம்பைலர் (எழுதிய நிரலை இயங்கும் புரோகிராமாக மாற்றும் மென்பொருள்). சப்ளையர் கொடுத்த லைப்ரரியைச் சேர்த்ததும் நானூறுக்கு மேல் எச்சரிக்கை கொட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பில்ட் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறார் மேனேஜர். பக்கத்து இருக்கைக்காரரோ, "சின்ன டபிள்யூ ஃபிளாகைப் போடு, எல்லாம் அடங்கிடும்" என்கிறார்.

அடங்கும், உண்மைதான். போடாதீர்கள். சில வரிகளுக்கு மட்டும் நிறுத்த வழி இருக்கிறது.

சிங்கப்பூரில் தெம்பனிஸில் ரயில் ஏறி ஜூ கூன் போய்ச் சேரும் வரைதான் எனக்கு நேரம். கைபேசியில் தமிழ்க் கீபோர்டில் தட்டுகிறேன், அதனால் நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

#பிராக்மா ஜிசிசி டயக்னாஸ்டிக் புஷ்
#பிராக்மா ஜிசிசி டயக்னாஸ்டிக் இக்னோர்ட் "-டபிள்யூகன்வெர்ஷன்"
தொந்தரவு தரும் அந்த வரி இங்கே
#பிராக்மா ஜிசிசி டயக்னாஸ்டிக் பாப்

பிராக்மா என்றால் நிரலுக்குள்ளிருந்தே கம்பைலருக்குக் கொடுக்கும் உத்தரவு. புஷ் என்பது, இந்த நிமிடம் எந்தெந்த எச்சரிக்கை இயங்குகிறது, எது இயங்கவில்லை என்ற நிலையை அப்படியே எடுத்து வைக்கிறது. இரண்டாவது வரி ஒரே ஓர் எச்சரிக்கையை அணைக்கிறது. பாப் எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவருகிறது. எந்தப் பெயரைப் போடுவது என்று தேட வேண்டாம். ஜிசிசி பெரும்பாலும் எச்சரிக்கையின் முடிவிலேயே சதுர அடைப்புக்குறிக்குள் அதன் பெயரைச் சொல்லிவிடும், அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். 'இக்னோர்ட்' இருக்கும் இடத்தில் 'எரர்' என்று போட்டால் அந்தப் பகுதியில் மட்டும் அந்த எச்சரிக்கை பிழையாக மாறும். இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பணம் கணக்கிடும் ஃபங்ஷன், மோட்டாரை நிறுத்தும் ஃபங்ஷன் மாதிரி இடங்களில் நான் போட்டு வைப்பேன்.

பழைய நிரலைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜிசிசி 4.2-இல் இந்த பிராக்மா வந்தபோது கோப்பு முழுமைக்கும்தான் வேலை செய்தது, ஃபங்ஷனுக்குள் போட முடியாது. புஷ், பாப் இரண்டும் 2011-இல் வந்த 4.6-இல்தான் கிடைத்தன. அதற்கு முன் எழுதிய நிரலில் கோப்பின் தலையில் ஒரு 'இக்னோர்ட்' மட்டும் தனியாக நின்றால் அதை எழுதியவரைத் திட்டாதீர்கள். அதற்குப் பிறகு எழுதியிருந்தால் திட்டலாம்.

நானும் திட்டியிருக்கிறேன், நள்ளிரவு ஒன்றேகால் மணிக்கு.

அப்போது வேறொரு கம்பெனி. கட்டடங்களின் குளிரூட்டும் எந்திரம் எத்தனை நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தை எண்ணும் பகுதி என்னுடையது. ஆபீசில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. ஒரு கட்டடத்தில் பொருத்திய மூன்றாம் நாள் அங்கே பராமரிப்பு பார்க்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார்: "தம்பி, உங்க டப்பா ராத்திரி ஒரு மணியானா எல்லாத்தையும் மறந்துடுது."

நம்பவில்லை. மின்சாரம் விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டேன். "வந்து பாருங்களேன்" என்றார். போனேன். கீழே காப்பிக்கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுத்த தேயுடன் எந்திர அறையில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து லேப்டாப்பை இணைத்தேன். அவர் வழக்கமாகக் காலை ஏழு மணிக்கு எண்ணியைப் பூஜ்யமாக்குவார். திரையில் எண் விநாடிக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தது. 1 மணி 12 நிமிடம். 65533. 65534. 65535. 0.

பூஜ்யத்தைப் பார்த்த அந்த விநாடியே புரிந்துவிட்டது. 65,536 விநாடி என்றால் 18 மணி 12 நிமிடம் 16 விநாடி. 32 பிட் எண்ணை 16 பிட் மாறியில் போட்டு வைத்திருக்கிறேன். ஆபீசில் மாலை ஆறரைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள். எங்கள் எண்ணி ஒருநாளும் அந்த எல்லையைத் தொட்டதில்லை.

"பழுது பிடிச்சிட்டீங்களா?" என்றார் அண்ணன். "பிடிச்சிட்டேன், என்னோடதுதான்" என்றேன். வீடு திரும்பிய டாக்சிக் காசைக் கம்பெனி கொடுத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, தப்பு என்னுடையது. ஆனால் அந்தத் தப்பைப் பிடிக்கத்தான் டபிள்யூ-கன்வெர்ஷன் என்ற எச்சரிக்கையைப் புராஜெக்ட்டில் போட்டிருந்தோம். அது டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டிலும் அடங்காது. பெயர்தான் ஆல், உண்மையில் எல்லாம் இல்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய எச்சரிக்கை அது, நாங்கள் கேட்டும் வாங்கியிருந்தோம். பிறகு ஏன் அது வாயைத் திறக்கவில்லை?

மறுநாள் காலையில் தேடினேன். எல்லாக் கோப்புகளும் இன்குளூட் செய்யும், அதாவது தன் தலையில் சேர்த்துக்கொள்ளும், ஒரு ஹெடர் கோப்பு, அதன் ஆறாவது வரியில் 'இக்னோர்ட் டபிள்யூ-கன்வெர்ஷன்'. மேலே புஷ் இல்லை, கீழே பாப் இல்லை, ஏன் என்று ஒரு வரிக் குறிப்பும் இல்லை. சிப் தயாரிப்பாளரின் மேக்ரோ ஒன்று அந்த ஹெடரில் ஒரே ஓர் இடத்தில் எச்சரிக்கை தந்திருக்கிறது. அதை அடக்க யாரோ போட்ட வரி, ஹெடர் வழியாக எங்கள் புராஜெக்ட் முழுவதையும் ஊமையாக்கிவிட்டது. பிராக்மாவுக்கு ஹெடரின் எல்லை தெரியாது. இன்குளூட் செய்த இடத்திலிருந்து அந்தக் கோப்பின் கடைசி வரி வரை அது செல்லுபடியாகும். புஷ், பாப் போட்டு அடைத்துவிட்டு மறுபடி பில்ட் செய்தபோது இருநூறுக்கு மேல் எச்சரிக்கை வந்தது. பெரும்பாலும் ஒன்றுமில்லாதவைதான். என்னுடையது நடுவில் உட்கார்ந்திருந்தது.

என்னுடன் முன்பு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் தீ அலாரம் பராமரிக்கும் வேலை பார்த்தார். இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தார். வெல்டிங் நடந்தாலும், துளை போட்டுத் தூசி பறந்தாலும் புகை டிடெக்டர் கத்தும். அதற்காக முழுக் கட்டடத்தின் அலாரத்தையும் அவர்கள் அணைப்பதில்லை. பேனலில் அந்த ஒரு ஸோனை மட்டும் ஐசொலேட் செய்வார்கள், பேனலில் மஞ்சள் விளக்கு எரியும், எத்தனை மணிக்கு, யார், எதற்காக என்று பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்கள். வேலை முடிந்ததும் பழையபடி திருப்பிவிட்டு மறுபடி எழுதுவார்கள். "மஞ்ச வெளக்க அணைக்காம நான் வீட்டுக்குப் போனதே இல்ல" என்றார். எங்கள் ஹெடரில் அந்த மஞ்சள் விளக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: 'இக்னோர்ட்' எழுதினால் அதே இடத்தில் ஒரு வரிக் குறிப்பு வேண்டும். "எச்சரிக்கையை நிறுத்துகிறோம்" என்றால் போதாது, அது எனக்கே தெரிகிறது. "இந்த மதிப்பு 0 முதல் 100 வரைதான் வரும், மேலே 40-ஆவது வரியில் சரிபார்த்தாகிவிட்டது" என்று இருக்க வேண்டும். இப்படி எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் காரணம் எழுத வராது. எழுத வரவில்லை என்றால் எச்சரிக்கை சொல்வது சரி என்று அர்த்தம்.

நிறுத்துவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். சில எச்சரிக்கைகளுக்கு மொழியே பதில் வைத்திருக்கிறது. பயன்படாத பாராமீட்டர் என்றால் சி பிளஸ் பிளஸ் 17-இல் 'மேபி அன்யூஸ்ட்' என்ற அட்ரிபியூட் உண்டு. சுவிட்சில் ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்கு வேண்டுமென்றே விழுகிறீர்கள் என்றால் 'ஃபால்த்ரூ'. இவை பிராக்மாவைவிட நல்லவை. கம்பைலரின் வாயை அடைக்காமல் உங்கள் எண்ணத்தை அதனிடம் சொல்கின்றன, எல்லாக் கம்பைலருக்கும் பொதுவாகவும் இருக்கின்றன.

நான் அதிகம் பயப்படுவது காஸ்டுக்குத்தான், அதாவது இந்த மதிப்பை வேறு வகையாக மாற்று என்று நாமே எழுதுவதற்கு. கன்வெர்ஷன் எச்சரிக்கை வந்ததும் கை தானாக ஸ்டேட்டிக் காஸ்ட் போட்டுவிடும். எச்சரிக்கை போய்விடும், வெட்டுப்படும் பிட்டுகள் அப்படியே வெட்டுப்படும். பிராக்மாவையாவது பிறகு தேடி எடுக்கலாம். ஒழுங்கான காஸ்டையும் பயத்தில் போட்ட காஸ்டையும் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எச்சரிக்கையை அடக்க நிரலையே மாற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் கதை இருக்கிறது. இது கம்பைலர் எச்சரிக்கை இல்லை, வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கை, ஆனால் சங்கதி ஒன்றுதான். ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் தற்செயல் எண் உருவாக்கும் கோப்பில், மதிப்பு போடாத நினைவகத்தைப் படிக்கிறாய் என்று அது புகார் சொன்னது. 2006-இல் டெபியன் தொகுப்பில் இரண்டு வரிகளைக் கமென்ட் செய்தார்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தன, வேறு வேறு ஃபங்ஷனில் இருந்தன. ஒன்றை எடுத்ததால் பாதகமில்லை. மற்றொன்றுதான் வெளியிலிருந்து வரும் தற்செயல் தன்மையை உள்ளே கலக்கும் வரி. அது போனதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகள் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுபவை) யாரும் ஊகிக்கும்படி ஆயின. வெளியே தெரிந்தது 2008 மே மாதம். ஏறக்குறைய இரண்டு வருடம். பாதகமில்லாத அந்த இன்னொரு வரியை, சோதனைக் கருவி ஓடும்போது மட்டும் விலக்கிக்கொள்ள ஓபன்எஸ்எஸ்எல்காரர்களே நிபந்தனை போட்டு வைத்திருந்தார்கள். அதாவது, இடம் பார்த்து நிறுத்தும் வேலை ஏற்கெனவே நடந்திருந்தது.

இனி கால் இடறும் இடங்கள்.

மேக்ரோவுக்குள் # போட்டு பிராக்மா எழுத முடியாது. அதற்கு அண்டர்ஸ்கோரில் தொடங்கும் 'பிராக்மா' ஆபரேட்டர் இருக்கிறது. சி99-லும் சி பிளஸ் பிளஸ் 11-லும் வந்தது, அதற்குள் சரமாக எழுதித் தரலாம். எங்கள் வீட்டு மேக்ரோக்கள் இரண்டு, 'அமைதி தொடக்கம்', 'அமைதி முடிவு', இதை வைத்துத்தான் எழுதியவை.

ஆப்டிமைசர், அதாவது நிரலை வேகமாக ஓடும்படி மாற்றும் கம்பைலரின் பகுதி, தரும் எச்சரிக்கைகள் வேறு ரகம். 'மேபி அன்இனிஷியலைஸ்ட்' (மதிப்பு போடாத மாறியைப் படிக்கிறாயோ என்பது) மாதிரியானவை ஆப்டிமைசேஷன் போட்டால்தான் ஒழுங்காகவே வரும். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றுக்குள் இன்லைன் ஆகும்போது எச்சரிக்கை எந்த வரியில் விழும் என்று சொல்வதற்கில்லை. நீங்கள் சுற்றிப் போட்ட புஷ்-பாப் ஓரிடத்தில் இருக்கும், அது வேறிடத்தில் கத்தும். இதில் பொய் அலாரமும் அதிகம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2020-இல் லினக்ஸ் கெர்னலின் வழக்கமான பில்டில் இந்த ஒன்றை மொத்தமாக அணைத்துவிட்டார். அதே ஆள்தான் 2021-இல் எல்லா எச்சரிக்கையையும் பிழையாக்கும் 'டபிள்யூ-எரர்' ஃபிளாகை எல்லாருக்கும் இயல்பாகப் போட்டு, சில நாட்களிலேயே அதைச் சோதனை பில்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கினார். ஆக, மொத்தமாக அணைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கை உங்கள் நிரலில் பொய்தான் அதிகம் சொல்கிறது என்று பார்த்துத் தெரிந்த பிறகு, அந்த ஒன்றை அணைக்கலாம்.

'இந்த ஃபங்ஷனின் பதிலைக் கண்டுகொள்ளாமல் விடாதே' என்ற 'வார்ன் அன்யூஸ்ட் ரிசல்ட்' எச்சரிக்கையை, முன்னால் வாய்ட் என்று காஸ்ட் போட்டு அடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் அடங்கும், ஜிசிசி அடங்காது. இதில் எனக்கு ஒரு மதியம் போனது.

கிளாங் பயன்படுத்தினால் 'ஜிசிசி' என்ற இடத்தில் 'கிளாங்' என்று எழுதலாம், ஜிசிசி என்று எழுதினாலும் அது புரிந்துகொள்ளும். ஆனால் ஒன்றுக்கு இருக்கும் எச்சரிக்கை மற்றதற்கு இருக்காது. தெரியாத பெயரைப் பார்த்தால் அதற்கே ஓர் எச்சரிக்கை வரும். எச்சரிக்கையை நிறுத்தப் போய் எச்சரிக்கை வாங்குவது எரிச்சல்தான். எந்தக் கம்பைலர் என்று இஃப்டெஃப் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலரான விஷுவல் சி பிளஸ் பிளஸ் பெயர் வைப்பதில்லை, எண்தான். 'பிராக்மா வார்னிங்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் புஷ், பிறகு 'டிசேபிள்: 4244', பிறகு பாப். என் எண்ணியைப் பிடித்திருக்க வேண்டியது அங்கே 4244-தான். அங்கே எனக்குப் பிடித்தது 'சப்ரெஸ்'. அடுத்த வரிக்கு மட்டும் நிறுத்திவிட்டுத் தானே முடிந்துவிடும், பாப் மறக்கும் பேச்சே இல்லை. ஒரு வினோதமும் உண்டு: 4700 முதல் 4999 வரை எண்ணுள்ளவை ஃபங்ஷனின் தொடக்க நெளிவு அடைப்புக்குறியில் என்ன நிலையோ அதையே கடைசி வரை பிடித்துக்கொள்ளும். ஃபங்ஷனுக்கு நடுவில் டிசேபிள் போட்டுவிட்டு ஏன் கேட்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், ஃபங்ஷனுக்கு வெளியே போடுங்கள்.

மற்ற மொழிகளில் ஜாவாவுக்கு 'சப்ரெஸ் வார்னிங்ஸ்', சி ஷார்ப்பில் 'பிராக்மா வார்னிங் டிசேபிள்', 'ரிஸ்டோர்'. நான் பொறாமைப்படுவது ரஸ்ட்டைப் பார்த்துத்தான். 2024-இல் வந்த 1.81-இல் 'எக்ஸ்பெக்ட்' என்ற ஒன்று நிலையானது. இங்கே இந்த எச்சரிக்கை வரும், வரட்டும், நிறுத்து என்று சொல்கிறோம். யாராவது நிரலைத் திருத்தி எச்சரிக்கை வராமல் போனால், "நீ சொன்னது வரவில்லையே, இந்த வரி இனி எதற்கு?" என்று கம்பைலரே கேட்கும். ஜிசிசியில் அது இருந்திருந்தால் எங்கள் பழைய பிராக்மாக்களில் பாதி தானாகக் கழன்றிருக்கும்.

இப்போது உங்கள் வெள்ளிக்கிழமை. ரயில் ஜூரோங் ஈஸ்ட் தாண்டிவிட்டது, வேகமாகச் சொல்கிறேன்.

நானூறும் உங்கள் நிரலிலிருந்து வருபவை அல்ல, லைப்ரரியின் ஹெடர்களிலிருந்து வருபவையே அதிகம் இருக்கும். அவற்றுக்குப் பிராக்மாவே வேண்டாம். அந்த ஃபோல்டரை 'பெரிய ஐ' ஃபிளாகில் கொடுப்பதற்குப் பதில் 'ஐசிஸ்டம்' ஃபிளாகில் கொடுங்கள். பில்டுக்குச் சிமேக் கருவி பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்குளூட் டைரக்டரி வரியில் 'சிஸ்டம்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். அந்த ஹெடர்களைச் சிஸ்டம் ஹெடராக நினைத்து ஜிசிசி பேசாமல் இருக்கும், உங்கள் நிரலைப் பற்றித் தொடர்ந்து பேசும். லைப்ரரியின் சொந்த சி கோப்புகளையும் நீங்களே கம்பைல் செய்கிறீர்கள் என்றால் இது உதவாது. பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன சின்ன டபிள்யூவை அந்தக் கோப்புகளுக்கு மட்டும் போடுங்கள், அங்கே அது நியாயம்தான்.

பிறகு மிஞ்சுவதைப் பெயர்வாரியாகப் பிரியுங்கள். ஒரே பெயரில் ஐம்பது வரும். பயன்படாத மாறியை அழியுங்கள். டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்தாதே என்று ஒதுக்கப்பட்டது) என்றால் இந்த வாரம் பிழையாகாமல் 'நோ-எரர்' போட்டு எச்சரிக்கையாகவே விட்டுவைத்து, டிக்கெட் ஒன்று திறங்கள். கன்வெர்ஷனையும் அன்இனிஷியலைஸ்டையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து படியுங்கள், அதில் அவசரம் வேண்டாம். அதற்கும் பிறகு நிற்பவற்றுக்குத்தான் புஷ், இக்னோர்ட், பாப், ஒரு வரிக் காரணம்.

"எல்லாம் சுத்தமா?" என்று மேனேஜர் கேட்டால், 'டயக்னாஸ்டிக் இக்னோர்ட்' என்று கிரெப் (கோப்புகளில் சொல் தேடும் கருவி) போட்டு வரும் பட்டியலைக் காட்டுங்கள். இத்தனை இடத்தில் நிறுத்தியிருக்கிறோம், இன்னின்ன காரணம் என்று. புஷ், பாப் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று அவற்றுக்கும் ஒரு கிரெப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஹெடர்களை முதலில் பாருங்கள்.